பாஸ்டன் சாப்பிடவில்லை

அன்றைக்கு அவர்கள் டீயைக் கடலில் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. அதுதான் பிரச்சினையே.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பாடத்தை நடத்துகிறேன். 1773 டிசம்பர், பாஸ்டன் துறைமுகம். இங்கிலாந்திலிருந்து தேயிலைக் கப்பல் வருகிறது. வரி கட்ட மாட்டோம் என்று ஊரே கொதிக்கிறது. பெட்டி பெட்டியாகத் தேயிலை கடலுக்குள் போகிறது. அதற்குத் தண்டனையாகத் துறைமுகத்தை மூடுகிறார்கள், அதிலிருந்து யுத்தம், யுத்தத்திலிருந்து அமெரிக்கா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கள் திருச்சி ஆய்வுக்கூடத்தின் திரையில் நடந்தது வேறு. கூட்டம் துறைமேடைக்கு வந்தது. கப்பலை முறைத்துப் பார்த்தது. அப்புறம் பழைய கப்பல்பாய் ஒன்றை நாலு கழியில் கட்டிப் பந்தல் போட்டது. அதன் கீழே மெர்சி பிக்கரிங் என்ற விதவை வந்து உட்கார்ந்து, இந்தக் கப்பல் திரும்பிப் போகிற வரைக்கும் சாப்பிட மாட்டேன் என்றாள்.

"பாஸ்டன்ல பந்தலா?" என்றேன்.

பக்கத்தில் இருந்த எங்கள் கணினிக்காரன் ஷாகுல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஏதோ தெரிந்துகொண்டு மறைக்கிறான் என்று அப்போதே நினைத்தேன்.

இது என்ன இயந்திரம் என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஊர் ஒன்றை அதன் ஜனங்களோடு கணினிக்குள் எழுப்பி ஓடவிடுவோம். அவர்களுக்கு யாரும் வசனம் எழுதித் தருவதில்லை. அவர்களே யோசிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், செத்துப்போன புருஷனை நினைத்து அழுகிறார்கள். நமக்கு ஒரு மணி நேரம் என்றால் அவர்களுக்கு ஒரு நாள். வேண்டுமானால் இன்னும் வேகமாக ஓட்டலாம், மெதுவாகவும் ஓட்டலாம். ஆனால் ஓட ஆரம்பித்த ஊரில் கை வைக்க முடியாது. பார்க்கலாம், இல்லாவிட்டால் மொத்தமாக அழிக்கலாம். அவ்வளவுதான் நம் அதிகாரம். எங்களுக்கு வந்த கேள்வி சுலபமானது: எந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் அந்தப் புரட்சி வந்திருக்காது? பத்திரங்களுக்குப் போட்ட முத்திரை வரியா, ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிய பட்டாளமா, தேயிலையா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதாகத் திட்டம். அதற்கு முன்னால், எதையும் எடுக்காமல் ஒரு தடவை ஓட்டி, சரித்திரத்தில் நடந்தபடியே நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அந்தப் பரிசோதனை ஓட்டம். அதிலேயே கோளாறு.

டீன் அருளானந்தம் காலையிலேயே வந்துவிட்டார். அவர் பௌதிகக்காரர். தப்பான விடை வந்தால் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிற ஆள்.

"பூரணி மேடம், இதுல யோசிக்க என்ன இருக்கு? ஓட்டம் தப்பு. அஞ்சு மணிக்கு நிறுத்திட்டு, சரி பண்ணி முதல்லேர்ந்து ஓட்டுங்க."

"நிறுத்தினா அந்த ஜனங்க?"

"எந்த ஜனங்க?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கிறிஸ்தவர்கள் நிறைந்த எங்கள் மேலப்புதூரில் தெருவுக்கு ஒரு மெர்சி இருப்பாள். இந்தப் பாஸ்டன் மெர்சியையும் அப்படித்தான் எனக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிற சின்ன விடுதி நடத்துகிறாள். புருஷன் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. சீமைத் துணி வாங்க மாட்டேன் என்று ராட்டையில் நூற்று, தானே நெய்து போட்டுக்கொள்கிறாள். டீக்கு வரி என்றதும், டீ என்றால் உயிரை விடுகிறவள், அதையும் விட்டுவிட்டு ராஸ்பெர்ரி இலையைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கிறாள். முகம் சுளித்துக்கொண்டே குடிக்கிறாள். அவள் விடுதியில் ஒரு அறையைப் பட்டாளத்துச் சிப்பாய் தாமஸ் கிரிக்குக்குக் கொடு என்று உத்தரவு போட்டார்கள். அவனை நாள் முழுக்கத் திட்டுவாள், ராத்திரி கஞ்சியில் அவனுக்கு மட்டும் ஒரு கரண்டி வெல்லப்பாகு கூடுதலாக ஊற்றுவாள். இவளைப் பலகையில் எழுதிய கணக்கு மாதிரி துடைக்கச் சொன்னால் எனக்கு மனசு கேட்குமா?

அதனால் கோளாறு எங்கே என்று தேட உட்கார்ந்தேன். பழைய பதிவுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூணு மணி ஆகிற நேரத்தில் கிடைத்தது. சாதாரண ஒரு காலை நேரம். சிப்பாய் கிரிக் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறான். மெர்சியின் மகள் பின்னாலிருந்து, எங்கே போறீங்க என்று கேட்கிறாள். உடனே மெர்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்து மகளின் தலையில் ஒரு குட்டு வைக்கிறாள். கிரிக்கைத் திரும்ப உள்ளே கூட்டிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, குடித்த பிறகு அனுப்புகிறாள்.

படத்தை நிறுத்தினேன். "ஷாகுல், இங்க வா."

வந்தான்.

"இவ பியூரிட்டன். சாமி படம் வச்சாலே தப்புங்கிற கூட்டம். பின்னாடிலேர்ந்து கூப்பிட்டா உக்கார வச்சுத் தண்ணி குடுத்து அனுப்பறது எந்த ஊர்ப் பழக்கம்?"

ஷாகுல் நாகூர்க்காரன். பொய் சொல்ல வராது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"மேடம், நீங்க குடுத்தது எல்லாம் பேப்பர். சட்டம், பிரசங்கம், கப்பல் வந்த விவரம், பெரிய மனுஷங்க கடிதம். ஒருத்தன் காலைல எந்திரிச்சா என்ன பண்ணுவான், கோவம் வந்தா எப்படி முகத்தைத் திருப்பிப்பான், எப்படி சமாதானம் ஆவான், இதெல்லாம் எவனும் எழுதி வைக்கலை. அந்த எடம் எல்லாம் ஓட்டையா இருந்துச்சு. ஓட்டையோட ஓட்டினா ஆளுங்க பொம்மை மாதிரி நிக்கறாங்க."

"அதனால?"

"நம்மகிட்ட வேற ஒரு ஆராய்ச்சிக்கு எடுத்தது இருந்துச்சுல்ல, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டு வீடாப் போய்ப் பதிவு பண்ணது. அதை வச்சு அடைச்சேன்."

பாஸ்டனில் பதினைந்தாயிரம் பேர் டெல்டாக்காரர்களாக உலாவிக்கொண்டிருக்கிறார்கள். நானும் இதைக் கவனிக்காமல், அவர்கள் பேச்சு காவிரித் தமிழில் வருவது இவன் போட்ட மொழிபெயர்ப்புக் கருவியால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அறிவு இருக்காடா உனக்கு?"

"வேற வழி தெரியலை மேடம்."

திட்டிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. "ஷாகுல், நம்ம வீட்ல ஒருத்தருக்குக் கோவம் வந்தா முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"சாப்பாடு வேணாம்னுடுவாங்க."

"எதுக்கு?"

"யாராச்சும் வந்து கூப்பிடணும்னுதான். வந்து சாப்பிடுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்." சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது. திரையைப் பார்த்தான். பந்தலுக்கு அடியில் மெர்சி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூட்டையில் சாய்ந்திருந்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சாப்பிட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் ஊருக்குள்ளிருந்து வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கப்பலைத் திருப்பி அனுப்ப ஆளுநர் ஒருவரால்தான் முடியும். அவர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் கப்பல் கிளம்பும். அவர் வந்து கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அவர் வருவாரா?"

ஷாகுல் தலையை ஆட்டினான். "அவர் வேற மேடம். அவர் எழுதின கடிதம் ஏராளமா இருக்கு, அதனால அவர் கிட்டத்தட்ட முழுக்கப் பேப்பர்தான். நிஜ ஆளுநர் மாதிரியே யோசிப்பார். கூட்டம் அமைதியா உக்காந்திருக்கு, பெட்டில கை வைக்கலை, அப்போ பிரச்சினை இல்லைன்னு நினைச்சுட்டிருக்கார். இந்த ஜனங்க கோவத்தைக் காட்டற பாஷையே அவருக்குத் தெரியாது." பக்கத்தில் ஓடிய எண்களைப் பார்த்தான். "அந்தம்மா இன்னும் ரெண்டு நாள் தாங்கறதே கஷ்டம்."

ரெண்டு நாள் என்றால் நமக்கு ரெண்டு மணி நேரம். அதற்குள் டீன் வேறு வந்து துடைத்துவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் மெர்சி பிழைக்க மாட்டாள்.

டீன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நான் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், இந்தப் பொம்பளை சாப்பிடற வரைக்கும் நிறுத்தாதீங்க. உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை."

"மேடம், அது புரோகிராம்."

"புரோகிராம் ஏன் சார் பட்டினி கிடக்குது?"

டீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொல்லுங்க. அந்த டீ பழைய விலையை விடக் குறைச்சல்னு படிச்சேன். வரியோட சேர்த்தும் மலிவு. அப்புறம் எதுக்கு இவ்வளவு கோவம்?" என்றார்.

பரீட்சையில் எல்லாப் பையன்களும் கோட்டை விடுகிற கேள்வி. "சார், உங்க தங்கச்சி கல்யாணத்துல உங்க சித்தப்பா சாப்பிடாம எந்திரிச்சுப் போனார்னு ஒரு தடவை சொன்னீங்களே."

"ஆமா. பத்திரிகைல பேர் போட்டோம், முன் வரிசைல உக்கார வச்சோம், எல்லாம் பண்ணோம்."

"சாப்பாடு நல்லா இல்லையா?"

"சாப்பாட்டுக்கென்ன, பிரமாதம். ஆனா சம்பந்தம் பேசறப்போ அவரை ஒரு வார்த்தை..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஓகோ."

"அவ்வளவுதான் சார். வரி போடறது லண்டன்ல இருக்கற பார்லிமென்ட். அதுல இவங்க ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஊர்க்கூட்டத்துல ரோட்டுல பன்றி திரியறதுக்குக்கூடக் கை தூக்கித் தீர்மானம் போட்டுப் பழகின ஜனங்க. நம்மளைக் கேக்காம நம்ம வீட்டு விஷயத்தை முடிவு பண்றதுக்கு நீ யாருன்னு கேக்கறாங்க. மலிவா குடுத்தா வாயை மூடிப்பாங்கன்னு நினைச்சதுதான் அவங்களை இன்னும் கிளப்பிடுச்சு."

டீன் மணியைப் பார்க்கவில்லை. சித்தப்பா எப்போது சமாதானம் ஆனார் என்று நான் கேட்டேன். "நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூப்பிட்டேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஷாகுல், "மேடம், ஆளுநர் வீட்டைப் பாருங்க" என்றான். ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தான்.

ஆளுநர் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆட்டிறைச்சி, ரொட்டி, ஒரு கோப்பை மது. பின்னால் சமையல்காரி டைனா நின்றாள். டைனா அந்த வீட்டு அடிமை. பாஸ்டனிலும் அடிமைகள் இருந்தார்கள், சுதந்திரம் வேண்டும் என்று கத்திய பல பேர் வீட்டிலும் இருந்தார்கள். மீன் வாங்கத் தினமும் துறைமேடை வழியாகப் போகிறவள் அவள். போகும்போதும் வரும்போதும் மெர்சியைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அவளைப் பற்றி யாருமே எதுவும் எழுதி வைக்கவில்லை. பேர் ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது.

"இவங்க முழுக்க நம்ம ஊரு" என்றான் ஷாகுல் மெல்ல. "ஆளுநர்கிட்டயும் ஒரு ஓட்டை இருக்கு. அத்தனை கடிதத்துல ஒண்ணுலகூடத் தன் வீட்ல யார் சாப்பிட்டாங்க, யார் சாப்பிடலைன்னு அவர் எழுதலை. சாப்பாட்டு மேசைல மட்டும் நான் அடைச்சதுதான் வேலை செய்யும்."

ஆளுநர் ஒரு துண்டு இறைச்சியை வாயில் வைத்தார். மென்றார். வீட்டில் வேறு சத்தமே இல்லை. அடுப்படியில் தட்டு நகரும் சத்தமில்லை, ஆட்கள் பேச்சில்லை. அவர் திரும்பி டைனாவைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா?"

நாங்கள் மூன்று பேரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம்.

"இல்லீங்க."

"மத்தவங்க?"

"யாரும் சாப்பிடலீங்க. துறைமேடைல ஒரு பொம்பளை பட்டினியா உக்காந்திருக்கு. எங்களுக்குச் சோறு எறங்கலை."

"அது அரசாங்க விஷயம்" என்றார் ஆளுநர். கடிதத்தில் எழுதுகிற அதே தோரணை. ஆனால் கை தட்டை விட்டு விலகிவிட்டது. திரும்ப எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எழுந்து மேலங்கியை எடுத்து மாட்டினார். காவலாட்களைக் கூப்பிடக்கூட இல்லை.

பனியில் தனியாக நடந்து வருகிறவரைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து வழி விட்டது. சிப்பாய் கிரிக்கும் அங்கேதான் இருந்தான், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மெர்சியின் மேல் விழுகிற பனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். ஆளுநர் பந்தலுக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மன்னர் சட்டப்படி, துறைக்குள் வந்த சரக்குக்குத் தீர்வை செலுத்தாமல் எந்தக் கப்பலும்..."

மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"யோவ், சட்டத்தைப் பேசாதய்யா" என்றார் டீன் திரையைப் பார்த்து. "சாப்பிட வான்னு சொல்லு."

ஆளுநர் பாதியில் நிறுத்திவிட்டார். எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் தரையில் குந்தி உட்கார்ந்தார். "எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டேங்கறாங்க" என்றார். "எனக்கும் முடியலை. எந்திரிம்மா, சாப்பிடலாம்."

மெர்சி கண்ணைத் திறந்தாள். குரலே எழும்பவில்லை அவளுக்கு. "கப்பல்?"

"அனுப்பிடறேன்."

"நாளைக்கு வேற கப்பல் வரும்."

"வந்தா ஊர்க்கூட்டத்துக்கு வந்து உங்களைக் கேக்கறேன். லண்டனுக்கு அதைத்தான் எழுதப்போறேன்."

அவள் அவரையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியும், கல்யாண வீடுகளில் எத்தனை பார்த்திருக்கிறேன். பிறகு மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். மகள் சோளக் கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டிவிட்டாள். முழுங்கினாள். ஊரே மூச்சு விட்ட சத்தம் கேட்டது. மறுநாள் காலை அலை ஏறினதும் கப்பல் பாயை விரித்து, ஒரு பெட்டி குறையாமல், வந்த வழியே போய்விட்டது. மெர்சி விடுதி ஜன்னலில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள், முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமே படவில்லை, நன்றாக அழுதேன்.

டீன் எழுந்து சோம்பல் முறித்தார். அஞ்சு மணி எப்போதோ தாண்டியிருந்தது. "ஓட்டம் தப்புதான் மேடம். அதை எழுதிடுங்க. பரிசோதனைக்கு வேற மெஷின் கேட்டு வாங்கறேன்." கதவைப் பார்த்துத் திரும்பியவர் நின்றார். "இது பாட்டுக்கு ஓடட்டும். யாரும் கை வைக்க வேணாம்."

"தாங்க்ஸ் சார்."

"எனக்கெதுக்குத் தாங்க்ஸ். மத்தியானம் யாராச்சும் சாப்பிட்டீங்களா?"

அப்போதுதான் எங்களுக்கே ஞாபகம் வந்தது. ஷாகுல் டப்பாவைத் திறந்தான், அவன் வீட்டு நெய்ச்சோறு. நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தேன். டீன் கேண்டீனில் சொல்லி ஒரு பொட்டலம் தயிர்சாதம் வரவழைத்தார். ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்கொண்டு, திரையை ஓடவிட்டபடியே உட்கார்ந்தோம். சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. சரித்திரமே மாறிப்போச்சே மேடம், இனிமேல் அமெரிக்கான்னு ஒரு நாடே வராதா என்று ஷாகுல் கேலி செய்தான். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், மெர்சி சாப்பிட்டாளே என்றேன்.

திரையில் ஆளுநர் வீட்டில் பொழுது விடிந்திருந்தது. அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். மேசை காலியாக இருந்தது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. பின்கட்டுப் படியில் டைனா உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல்தான் போயிடுச்சே" என்றார் ஆளுநர். "அந்தம்மாவும் சாப்பிட்டாச்சு. நீ இன்னும் சாப்பிடலையா?"

"அது அவங்க கோவம்ங்க."

"உனக்கென்ன கோவம்?"

டைனா தலையை நிமிர்த்தினாள். அவள் அவரை அவ்வளவு நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"இந்த வீட்டுக்கு வர்றியான்னு என்னை யாரும் கேக்கலீங்க."

ஷாகுல் வேகத்தைக் குறைத்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே குறைத்தான். ஆளுநர் நின்றுகொண்டே இருந்தார். இதற்கு என்ன சொல்வது என்று அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் இல்லை. அவர் உள்ளே திரும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. படியில் கிடந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு, அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

டீன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பொட்டலத்தை மடித்தார். ஷாகுல் டப்பாவை மூடினான். நான் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, டைனா சொல்வதைக் கேட்க அவர்களோடு உட்கார்ந்தேன்.